பெட்டி கட்டுகிறேன், ஊருக்கு வரவில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தைவானிலிருந்து உங்கள் அண்ணன் மகன் எழுதுவது.

முதலில் சித்தியிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு வேலை போகவில்லை. அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பாப்பா சொன்னதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு, பிள்ளைப்பாக்கம் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டதாம். சித்தி குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாராம். டீக்கடையில் யாரோ எனக்கு ஒரகடத்தில் ஒரு வேலைகூடப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். அவர்களுக்கு என் நன்றி. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்து வையுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

நான் கட்டுவது கம்ப்யூட்டர் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் இருக்கும் போன், லேப்டாப், டிவி எல்லாம் வைஃபை வழியாக அந்த ஒரு பெட்டியில் போட்டு, அந்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் இதை நாஸ் என்பார்கள். எனக்கு விவரம் தெரியாத காலத்தில்தான் ஆரம்பித்தேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். போட்டோவெல்லாம் கூகுளிலேயே இருக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன். 2021 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து இலவசத்துக்கு எல்லை 15 ஜிபி, அதற்கு மேல் மாதாமாதம் வாடகை என்று ஆக்கிவிட்டார்கள். ஆறு ரூமை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களுக்குத் தெரியாததா? குடிவந்தவன் சாமானைச் சேர்த்துக்கொண்டே போவான், காலி செய்ய மனசு வராது, அப்போது வாடகையை ஏற்றினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பான். நானும் கொடுத்தேன்.

அப்புறம் 2024 ஏப்ரல் 3 வந்தது. காலை ஏழு ஐம்பத்தெட்டு. கிழக்குக் கரையில் ஹுவாலியன் பக்கம் 7.2 அளவில் நிலநடுக்கம். நான் இருக்கும் பான்ச்சியாவ் தைபே பக்கத்தில், ரொம்பத் தள்ளித்தான், ஆனாலும் வீடு ஊஞ்சல் ஆடிவிட்டது. அலமாரி உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று சித்தி கொடுத்தனுப்பிய குக்கர். இன்னொன்று, நம் குடும்பத்துப் படங்களெல்லாம் இருந்த கையகல ஹார்ட் டிஸ்க். விழுந்தது குக்கர். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, தரையில் ஒரு டைல்ஸ் போனது. டிஸ்க் விழுந்திருந்தால் என்ன போயிருக்கும் என்று அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். தாத்தா சித்திரைத் திருவாதிரைக்கு உடையவர் தேர் முன்னால் நிற்கிற படம். நம் ஊர்ப் பக்கத்து நோக்கியா பேக்டரியை 2014-ல் மூடின சமயத்தில் என் பழைய போனில் பிடித்த ஆயாவின் குரல், கன்றுக்குட்டியைத் திட்டுகிற குரல்தான், ஆனாலும் அது ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. சிப்காட்டுக்குப் போன நம் நிலத்தின் பட்டா, சிட்டா, வில்லங்கம், அவார்டு நகல், எல்லாம் ஸ்கேன் செய்தது. நிலம் போய்விட்டது, காகிதமாவது மிஞ்சட்டுமே.

பக்கத்து வீட்டு தைவான்காரரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? இந்தப் பெட்டிகளை ரெடிமேடாகச் செய்து உலகத்துக்கே விற்கிற சினாலஜி என்ற கம்பெனி, 2000-த்தில் ஆரம்பித்தது, அதன் தலைமை அலுவலகமே இந்த பான்ச்சியாவில்தான் இருக்கிறது. கியூநாப், அசஸ்டார் என்ற வேறு இரண்டும் தைவான் கம்பெனிகளே. திருப்பதியில் உட்கார்ந்து லட்டு பிடிக்கக் கற்றுக்கொள்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. ரெடிமேட் பெட்டியில் போர்டு போனால் அந்தக் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். நானே கட்டினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற எதையாவது வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இந்தக் காரணத்தை மனதில் வையுங்கள், கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கப் போகிறது.

தைபேயின் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் குவாங்ஹுவா. முன்பு ஒரு பாலத்துக்கு அடியில் நெரிசலாக இருந்த சந்தையாம். பாலத்தை இடித்துவிட்டு 2008-ல் மாடிக் கட்டடத்தில் குடியேற்றியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாளிகை மாதிரி இன்னொரு கட்டடம், கட்டியது ஃபாக்ஸ்கான் குழுமம். அதே ஃபாக்ஸ்கான்தான், நம் சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகிற கம்பெனி. தலைமையகம் இருக்கிற தூச்செங், என் மெட்ரோ லைனில் சில ஸ்டேஷன்தான். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊர் விட்டு ஊர் பறந்து வந்து, கடைசியில் நம் ஊர் ரோட்டுப் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கடைக்காரருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி அரைகுறை. நடுவில் போன் மொழிபெயர்த்தது. 'விலையைக் கொஞ்சம் குறையுங்கள்' என்று நான் சொன்னதைப் போன் என்னவாகச் சொன்னதோ, அவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். விலை குறையவில்லை. ஆனால் நல்ல மனிதர். டிஸ்க்கில் இரண்டு வகை உண்டு, எழுதும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் மலிவு வகை இந்தப் பெட்டிக்கு ஆகாது, கெட்ட டிஸ்க்கை மாற்றிப் புதிதில் நகல் எடுக்கும்போது நொண்டும் என்று படம் போட்டுக் காட்டி, விலை கூடின வகையைக் கொடுத்தார். 17-க்கு 17 சென்டிமீட்டர் போர்டு, அதிலேயே ஒட்டிவரும் இன்டெல் என்100 சிப், மெமரி, பவர் சப்ளை, கேபிள், காலிப் பெட்டி. தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் இழுக்கும் கரண்டுகூட இது எல்லாம் சேர்ந்து இழுக்காது.

மேட் இன் தைவான் என்று பெருமையாக டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால், தாய்லாந்து. 2011 வெள்ளத்தில் ஆயுத்தயா பக்கத் தொழிற்பேட்டைகள் முங்கி, உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறியது ஞாபகம் வந்தது. வயலும் நீரோட்டமுமாக இருந்த தாழ்ந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய பேட்டைகள் அவை. நம் ஏரிக்கரையைச் சுற்றி லாரி லாரியாக மண் கொட்டுகிறவர்கள் யாராவது அந்த டீக்கடைப் பக்கம் வந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் பார்த்திருந்தால் கடையிலேயே சண்டை போட்டிருப்பீர்கள். 4 டெராபைட் என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். கம்ப்யூட்டரில் மாட்டினால் 3.63 என்று காட்டுகிறது. விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலு ஆயிரத்து இருபத்து நாலாகப் போடுகிறது. இரண்டு பேர் கணக்கும் சரிதானாம், குறைவது மட்டும் வாங்கினவனுக்கு.

இனிதான் விசேஷம். படித்தவன் நான், வெளிநாட்டில் இன்ஜினியர் நான், ஆனால் பெட்டியைக் கட்டியது யார் தெரியுமா? நம் பாப்பா. பி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் வீடியோ கால் போடுவாள். இங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். தினம் தினம் லைனில் போன் பூட்டுகிற பெண்ணுக்கு என் மேஜையைப் பார்த்ததுமே பொறுக்கவில்லை.

"அண்ணா, கையில ஸ்ட்ராப் எங்க?"

ஸ்ட்ராப் இல்லை என்றேன். லைன் லீடர் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் விரல் வழியாகப் பாய்ந்தால் சிப் செத்துவிடும், சாகும்போது சத்தம்கூடப் போடாதாம். "கவரைப் பிரிக்கறதுக்கு முன்ன பெட்டியோட இரும்பைத் தொடு. மெமரியை ஓரத்துல புடி, தங்கக் கலர்ல இருக்கறதத் தொடாத." தொடவில்லை. "ஸ்க்ரூவை ஒண்ணொண்ணா முறுக்காத. நாலையும் லேசா கடிக்க விட்டுட்டு, குறுக்கு மாத்தி டைட் வை." வைத்தேன். பவர் பட்டனிலிருந்து வரும் ஒயர்களை மாட்டுகிற இடம் போர்டின் மூலையில் இருக்கிறது, எறும்புக்கு மருதாணி வைக்கிற வேலை அது. நான் பட்டனை அமுக்கப் போகும் நேரத்தில் அந்த மூலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். பஸ் குலுங்கலில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்விட்ச் ஒயர் எப்படி வேணா இருக்கலாம், லைட்டு ஒயருக்கு மட்டும் பிளஸ் மைனஸ் உண்டு, திருப்பி மாட்டு" என்றாள். மாட்டி அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. பஸ்ஸில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட யாரும் அப்படித் தட்டவில்லை.

(அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போட்டது தனிக்கதை. இங்கே குப்பை லாரி பீத்தோவன் பாட்டு பாடிக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் தெருவே பையும் கையுமாக இறங்கி ஓடும். நின்று ரசித்தால் லாரி போய்விடும்.)

கம்ப்யூட்டர் கட்டியாயிற்று, பூஜை போடவில்லையா என்று சித்தி கேட்பார். போட்டேன், தைவான் முறைப்படி. குவாய் குவாய் என்று ஒரு தின்பண்டம், சோளப்பொரி போல இருக்கும், பெயருக்கு அர்த்தம் சமர்த்தாக இரு என்பது. பெரிய பெரிய சிப் கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும்கூட மெஷின் தலைமேல் இந்தப் பாக்கெட்டை வைப்பார்கள். தேங்காய் வாசனைப் பச்சைப் பாக்கெட்தான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் எச்சரிக்கை விளக்கின் நிறம், ஆகாது. காலாவதி ஆகிவிடக் கூடாது. முக்கியமாக, அதை எடுத்துத் தின்னக் கூடாது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனப்பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நறுக்குகிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? நானும் ஒரு பச்சைப் பாக்கெட் வைத்துவிட்டேன்.

உள்ளே போட்ட மென்பொருள் ட்ரூநாஸ், இலவசம். அது ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் எழுதி வைக்கிறது. படிக்கும்போது ஒரு டிஸ்க் தப்பாகச் சொன்னால், மற்றதிலிருந்து எடுத்துத் திருத்திவிடும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். யாராவது விளையாட்டாக எதையாவது அழித்தால் இரண்டிலும் அழியும், ஆனால் அதற்கு முந்தின நிலையை அப்படியே நிறுத்தி வைக்கிற வசதி இருக்கிறது, திரும்ப எடுத்துவிடலாம். வெளியே இணையத்துக்கு நேராகக் கதவைத் திறந்து வைக்கவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நச்சுநிரல் அப்படித் திறந்து கிடந்த வீட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கப்பம் கேட்டது.

இத்தனையும் செய்தும் ஒரு குறை. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டி, ஒரே அலமாரி. இன்னொரு ஏப்ரல் 3 வந்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும். விதைநெல்லில் பாதியை மேலத்தெரு அத்தை வீட்டில் வைத்திருந்த தாத்தாவுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால்தான் சித்தப்பா, இவ்வளவு நீளக் கடிதம். இதேபோல் இன்னொரு பெட்டி, ஒரே டிஸ்க்கில், கட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கேயே நகல் எடுத்து, சித்திரைத் திருவாதிரைக்கு லீவில் வரும்போது கையோடு கொண்டு வருகிறேன். இங்கே கரண்ட் 110 வோல்ட், ஆனால் பவர் சப்ளை 100 முதல் 240 வரை தாங்கும், பயப்பட வேண்டாம். போர்டு போனால் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, அதற்காகத்தான் நானே கட்டினேன். அதன்பிறகு புதிதாகச் சேர்வது மட்டும் ராத்திரியில் நெட் வழியாகத் தானே வந்து சேரும். அந்தப் பெட்டி நம் வீட்டிலிருந்து எனக்கு ரகசியத் தடம் போட்டுப் பேசும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. தரையில் வைக்கக் கூடாது, 2015 மழையில் ட்ரங்குப்பெட்டி ஆல்பம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போட்ட மாதிரி சித்தி இதற்கும் பூவேலை போட்ட உறை தைத்துவிடக் கூடாது, காற்று வேண்டும். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸி போடக் கூடாது. மாடி ரூமில் இருக்கும் ஜார்க்கண்ட் பையன்களுக்கு வைஃபை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் விருந்தாளிகளுக்கான தனி இணைப்பில் கொடுங்கள், பாப்பாவுக்குப் போடத் தெரியும். பெட்டி மேல் ஒரு பச்சைப் பாக்கெட் இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு யூபிஎஸ் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். சின்னதே போதும், கரண்ட் போனால் பெட்டி ஒழுங்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும் நேரத்துக்குத் தாங்கினால் சரி. கேபிள்காரரைப் பிடித்து நம் லைன் எத்தனை எம்பிபிஎஸ், மாதத்துக்கு எத்தனை ஜிபி வரை வேகம் குறையாது என்று கேட்டுப் பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்வதை நம்பாமல் பாப்பா ஒரு தடவை அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்
பான்ச்சியாவ், தைவான்