நட்சத்திரப் பொருத்தம்

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது உள்ளே இருந்தவை சுமார் 500 செயலிகள்தான். பொழுது போகாத ஒருவர் மொத்தக் கடையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஒரு மாதம் ஆவதற்குள் ‘ஐ ஆம் ரிச்’ வந்து சேர்ந்தது. விலை 999.99 டாலர். திறந்தால் திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும். ‘நான் பணக்காரன்’ என்று ஊருக்குக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஆப்பிள் அதைத் தூக்குவதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சொன்னதைச் செய்த செயலி அது.

சொன்னதைச் செய்யாதவைதான் அதிகம்.

2014-ல் கூகுள் பிளேயில் ‘வைரஸ் ஷீல்டு’ சக்கைப்போடு போட்டது. 3.99 டாலர் கொடுத்து வாங்கித் தொட்டால், கேடயத்தில் இருக்கும் பெருக்கல் குறி ‘சரி’ குறியாக மாறும். வைரஸைத் தேடும் வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. ஆனாலும் பயன்படுத்தியவர்கள் கொடுத்த சராசரி நட்சத்திர மதிப்பெண் ஐந்துக்கு 4.7, புதிய கட்டணச் செயலிகளில் முதலிடம். திருடனே வராத தெருவில் தூங்குகிற கூர்க்காவும் திறமைசாலிதானே! குட்டு உடைந்த பிறகு கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கல்யாணத்துக்கு நட்சத்திரம் பொருந்தினாலும், மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் ஆள் விட்டு விசாரிக்காத வீடு உண்டா? செயலி என்றால் மட்டும் நட்சத்திரத்தைப் பார்த்ததுமே முகூர்த்தம் குறித்துவிடுகிறார்கள்.

‘பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்’ என்ற டார்ச் செயலி கோடிக்கணக்கான முறை இறக்கப்பட்டது. அது பயனரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாக 2013-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. கரண்ட் போன இருட்டில் சொந்தச் செருப்பைத் தேடித் தடுமாறியவர் எங்கே நிற்கிறார் என்பது விளம்பரக்காரருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது! வெளிச்சம் காட்ட வந்ததற்கு இருப்பிடம் எதற்கு என்று ‘அனுமதி’யைத் தட்டும் முன் ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

2017-ல் வந்த போலி வாட்ஸ்அப் இன்னும் கில்லாடி. தயாரித்த நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் அசலைப் போலவே இருந்தது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி மட்டும் கூடுதல். சந்திப்பிழையைத் தூக்கத்திலும் பிடிக்கும் தமிழாசிரியர்கூட அதைப் பிடித்திருக்க மாட்டார். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது இறக்கப்பட்டது.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. 2017-ல் ஆப்பிள் ‘டுடே’ பக்கத்தைத் தொடங்கி, ஆசிரியர் குழு வைத்து நல்ல செயலிகளைப் பற்றி எழுதவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே தேடல் முடிவுகளின் உச்சியை விளம்பரத்துக்கு விற்கவும் தொடங்கியிருந்தது. ஆகவே, தேடியதும் முதலில் வந்து நிற்பவர் காசு கொடுத்து இடம்பிடித்தவராக இருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களின் விமர்சனங்களை, அதிலும் சமீபத்தியவற்றை, முதலில் படியுங்கள். ‘சூப்பர்’, ‘நைஸ்’ என்பவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வங்கிச் செயலி, மின்கட்டணச் செயலி போன்றவற்றைக் கடையில் தேடவே வேண்டாம். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் போய் இறக்கிக்கொள்ளுங்கள்.