பிடி அரிசியும் கல்வெட்டும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் திருச்சபைச் சேகரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே வெள்ளைதான். முதல் மணி அடித்ததும் கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளைச் சேலை, துணி உறை போட்ட வேதப்புத்தகம் என்று தெருவே கோயிலுக்குக் கிளம்பும். உள்ளே யார் எங்கே உட்கார வேண்டும் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். சாதி வேற்றுமை சபைக்குள் கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே உத்தரவிட்டிருந்தார். நூறு வருஷம் தாண்டியும் பின்வரிசைக்காரர்கள் பின்வரிசையிலேயே இருந்தார்கள்.

அதே ஊரில்தான் பிடி அரிசியும் இருந்தது. ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். பீடி சுற்றிப் பிழைத்த வீடு. கஞ்சிக்கே அரிசி தட்டும் நாளிலும் அந்தப் பிடி தப்பாது. கோயில் பணியாளரான குட்டியார் வந்து எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். யார் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. இப்படிக் கொடுத்துப் பழகிய எளிய சபைகளை நம்பித்தான், 1903-ல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் வெளிநாட்டுப் பணமில்லாமல் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது.

இன்று கோயிலில் எல்இடி திரை இருக்கிறது. மின்விசிறி இறக்கையிலும் அன்பளித்தவர் பெயர். வாசல் கிரானைட்டில் யார் பெயர் முதலில் என்பதற்கே சண்டை. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளைத் தாயாக வளர்த்த ஏமி கார்மைக்கேல், தன் கல்லறைக்குத் தலைக்கல்லே வேண்டாம் என்றார். 1951-ல் அவர் மறைந்தபின், பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றைத்தான் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

ஆனாலும் பழைய காலமே நல்ல காலம் என்று சொல்லமாட்டேன். இன்று கடைசி பெஞ்சில் உட்காரும் ஆட்டோக்காரத் தம்பிக்குச் சத்தமாக ஜெபிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துத் தெரு அம்மன் கோயில் பூசாரியை டயாலிசிஸுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்காமல் கூட்டிப்போகிறான். கேட்டால், "நம்ம அண்ணாச்சில்லா, வேற யாரு கூட்டிட்டுப் போவா?" என்கிறான்.

வெள்ளை உடுத்திய நாளிலும் வேஷம் இருந்தது. திரை மின்னும் நாளிலும் விசுவாசம் இருக்கிறது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்பில் பசித்தவனுக்கும் நோயாளிக்கும் என்ன செய்தாய் என்பதே கணக்கு. உடையும் கல்வெட்டும் அங்கே சாட்சிக்கு வருவதில்லை.