மூச்சு விட்டியாடா?

செஸ் போட்டி நடக்கிற இடத்தில் பெற்றவர்களுக்குப் பெயர் கிடையாது. பிள்ளையின் ரேட்டிங்தான் பெயர். "அதோ போறாரே, ஆயிரத்து எழுநூறோட அப்பா" என்றால் பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். நான் சொல்ல வந்தவர் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டின் அப்பா. அவருக்கு யாரும் நகர மாட்டார்கள். சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடே கொடுக்கும் ரேட்டிங் 1400-இல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறங்கினால் ரேட்டிங்கே இல்லாதவன் ஆகிவிடுவான் பையன். தரைக்குப் பன்னிரண்டு புள்ளி உயரத்தில் தொங்குகிற ஒரு குடும்பம் அது.

வண்டலூரைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் பெற்றோரை உள்ளே விடுவார்கள், போட்டோ எடுக்க. பிறகு ஆர்பிட்டர் மைக்கைப் பிடித்து "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய போங்க" என்பார். மூன்றாவது முறை சொல்லும்போது குரலில் 'ப்ளீஸ்' இருக்காது. எல்லாருக்கும் கடைசியாக வெளியே வருகிறவர் நம்மவர். அதுவும் திரும்பி நடக்க மாட்டார். சந்நிதிக்கு முதுகு காட்டாமல் வருவதுபோல் பின்னாலேயே நடந்து வருவார். கதவு மூடுகிற கடைசி நொடியில், நாற்பது போர்டுக்கும் கேட்கிறாற்போல்:

"மூச்சு விட்டியாடா?"

பையனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் இது வேறு மூச்சு. நாலு எண்ணி இழு, நாலு எண்ணிப் பிடி, நாலு எண்ணி விடு, நாலு எண்ணிச் சும்மா இரு.

இவரும் ஒரு காலத்தில் சாதாரண அப்பாவாக இருந்தவர்தான். பையன் ஜெயித்தால் பரோட்டா, தோற்றால் திட்டு. எளிய அரசியல் சட்டம். பையனுக்கும் புரிந்திருந்தது. நடுவில் யாரோ 'இளம் வீரர்களின் மனவலிமை' என்று இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துவிட்டார். அன்றோடு பரோட்டா போயிற்று.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை. ஐந்தரைக்கு மூச்சு. ஐந்தேமுக்காலுக்குக் கற்பனைக் காட்சி, அதாவது கண்ணை மூடிக்கொண்டு கோப்பை வாங்குவதுபோல் பார்க்க வேண்டும். ஆறு மணிக்குத் தன்னம்பிக்கை வாக்கியம், கண்ணாடி முன்னால், பதினோரு தடவை. "கற்பனைக் காட்சியில பையன் ரொம்ப ஆழமாப் போயிடறான் சார். உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கு" என்றார் பெருமையாக.

முகாமில் ஓர் ஆய்வைப் பற்றியும் கேட்டிருக்கிறார். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது. 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட குழந்தைகள், ஒருமுறை சறுக்கியதும் துவண்டுபோனார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பது அதன் சாரம். அருமையான ஆய்வு. இவர் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. பாட்டி பழக்கதோஷத்தில் "என் புத்திசாலிக் குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளப்போக, பாட்டிக்குத் தனியாக ஒரு மணி நேர வகுப்பு. இவர் பையனிடம் எப்போதும் முயற்சியைத்தான் பாராட்டுவார்: "நல்ல முயற்சி கண்ணா. ஆனா..."

போட்டி முடிந்ததும் அப்பாவும் பையனும் ஸ்கூட்டரில் வீடு திரும்புவார்கள். 'நல்ல முயற்சி' வண்டலூரிலேயே முடிந்துவிடும். 'ஆனா' பெருங்களத்தூர், தாம்பரம் எல்லாம் தாண்டிக் குரோம்பேட்டை வரை வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்ததுதான் அந்தத் தகப்பன் செய்த ஆகப்பெரிய உளவியல் உதவி.

ரேட்டிங் பற்றிக் கேட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கம் அதிகம். சமமான ஆளிடம் தோற்றாலே இருபது புள்ளி போய்விடும். "ரேட்டிங்கைப் பத்தி நினைக்கவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் சார். விளையாட்டை ரசிக்கணும், அவ்வளவுதான். அப்படி நினைக்காம இருந்தான்னா தீபாவளிக்குள்ள ஆயிரத்து அறுநூறு வந்துரும்."

பெரிய ஆட்டக்காரர்களின் வீட்டுக் கதை அவருக்கு அத்துப்படி. பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் வெளிநாடு போனால் அவர்கள் அம்மா நாகலட்சுமி குக்கரைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் ரசம் சோறு வடித்துப் போடுவார் என்று படித்தார். 2023-இல் பாகுவில் அந்த அம்மா ஓரமாக நின்று மகனைப் பார்க்கும் படம் ஊரெல்லாம் சுற்றியதே, அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு ரைஸ் குக்கர் வாங்கினார். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் நடக்கிற போட்டிக்கு! கல்லூரி வராந்தாவில் பிளக் பாயின்ட் தேடி வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அந்தப் படத்தில் குக்கர் இல்லை, சும்மா நிற்கிற ஓர் அம்மாதான் இருக்கிறார் என்பது அவர் கண்ணில் படவில்லை.

குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றபோது, பேடி அப்டன் மனப்பயிற்சி கொடுத்தார் என்று செய்தி வந்தது. 2011-இல் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணிக்கு மனப்பயிற்சி கொடுத்த அதே அப்டன். அன்றிலிருந்து இவர் குரோம்பேட்டை அப்டன். அதே குகேஷ் அந்தப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே எதிராளி டிங் லிரெனிடம் தோற்றுவிட்டு எழுந்து வந்தவர் என்பதோ, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல வருடம் அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாமல் சொந்த மூளையில் யோசிக்க வைத்தவர் என்பதோ இவருக்கு வேண்டாத சேதிகள். பையன் கதவைத் தாண்டுவதற்குள் ஸ்கோர்ஷீட்டைப் பிடுங்கி, யார் கை ஓங்கியது என்று கணக்குச் சொல்லும் செஸ் எஞ்சினுக்கு நகர்த்தல்களைப் போனில் தட்டுவார். "இருபத்து மூணாவது மூவ்ல பிளஸ் நாலு இருந்திருக்கேடா! எங்கடா விட்ட?"

பையன் விட்டது நாலு எண்ணிய மூச்சை. அதைச் சொல்ல அவனுக்கு இடம் கிடைப்பதில்லை.

ரொம்பவும் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் மகளும் அதே ஹாலில்தான் ஆடுகிறாள். வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்பதை நான் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. வெற்றுப் பெருமைதான். போன மாதம் அவள் சொன்னாள்: "நீங்க கேக்கவே வேணாம்பா. உங்க மூஞ்சியே கேக்குது." அதற்கப்புறம் நான் கதவுக்கு நேராக உட்காருவதில்லை. படிக்கட்டுக்குக் கீழே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொள்கிறேன். அவளுக்குப் பசித்தால் தேடிக்கொண்டு வருவாள்.

போன போட்டியின் கடைசிச் சுற்றில் நம்மவர் எதற்கோ வெளியே போயிருந்தார்; ஸ்கூட்டர் பங்க்சர். பையன் தோற்றுவிட்டு வந்தான். கதவருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். போன் இல்லை, 'ஆனா' இல்லை. கண் கொஞ்சம் கலங்கியது. நான் எதுவும் கேட்காமல் என் மகளுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். பாதி தின்பதற்குள் அவனைத் தோற்கடித்த பையன் வந்தான். இரண்டும் தண்ணீர் பாட்டிலைச் சுழற்றிப் போட்டு நிற்க வைக்கிற விளையாட்டில் இறங்கிவிட்டன. அதில் நம் பையன் கில்லாடி. ஏழுக்கு மூன்று என்று ஜெயித்துக்கொண்டிருந்தான்.

எட்டாவதுக்குப் பாட்டில் காற்றில் இருக்கும்போது அப்பா வந்தார். வேர்த்து, இரைத்து, வண்டியைத் தள்ளிய கிரீஸ் கையோடு. போனை எடுக்கக் கை பாக்கெட்டுக்குப் போயிற்று. பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கேலியே இல்லாமல், நிஜமான அக்கறையோடு கேட்டான்:

"அப்பா, மூச்சு விடுங்கப்பா. நாலு எண்ணட்டுமா?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன் எண்ணினான். மூன்றாவது சுற்று மூச்சில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதப் பட்டியலில் பையனுக்கு ரேட்டிங் இல்லை; 1400-க்குக் கீழே போய்விட்டது. அதனால் அவரை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நல்ல பெயர்தான். இரண்டு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் யாரும் கேட்டதில்லை.