ஒன்று முதல் ஆயிரம் வரை

எங்கள் காலத்தில் லீவு வீட்டுப்பாடம் என்பது ஒரே ஒரு வரி. கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில், பாதிப் பையன்கள் பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்ட பிறகு, சார்வாள் திடீரென்று நினைவு வந்தவராக வாசல் நிலையில் நின்று சொல்வார்: “ஏல, ஒண்ணுல இருந்து ஆயிரம் வரைக்கும் எழுதிட்டு வரணும். தெனம் ஒரு பக்கம் காப்பி. கேட்டுச்சா?” கேட்டது என்று நாங்கள் போடும் கூச்சலிலேயே அந்த வரி அமுங்கிப்போகும். அறுபதுகளின் கடைசியில், தாமிரபரணிக் கரையில் ஓர் ஆரம்பப் பள்ளி. கால் பரீட்சை லீவு, அரைப் பரீட்சை லீவு இரண்டுக்கும் அதே ஆயிரம்தான். ஏன் ஆயிரம், ஏன் ஐந்நூறு இல்லை என்று யாரும் கேட்கவில்லை; அந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன லாபம் என்று சார்வாளுக்கே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டில் கால் பரீட்சை லீவுதான் உசத்தி, ஏனென்றால் பெரும்பாலும் நவராத்திரி அதற்குள் வந்து விழும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், விஜயதசமியன்று எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எங்களுக்குக் கிடைத்த அந்தத் தடை உத்தரவை எந்த சார்வாளும் மேல்முறையீடு செய்து உடைக்க முடியாது. நான் பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாகவே நோட்டு, பென்சில், ஸ்கேல், உடைந்த ரப்பர் சகிதமாகக் கொண்டுபோய்க் கொலுப்படிக்குக் கீழே வைத்துவிடுவேன். “எங்க ஐயாவுக்கு என்ன பக்தி பாரு” என்று ஆச்சி பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஆற்றைப் பார்க்க ஓடுவேன். ஓடிய அந்தப் பையனை இப்போது நினைத்தால், பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குத் தேவைப்பட்ட சாமர்த்தியம் முழுவதும் அவனிடம் எட்டு வயதிலேயே இருந்ததாகத்தான் படுகிறது.

பிறகு பள்ளி திறப்பதற்கு முந்தின ராத்திரி. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு அந்த வித்தை நினைவிருக்கிறதோ: 300, 301, 302 என்று முழு எண்ணாக எழுதுகிறவன் அசடு. நூறாம் இடத்து மூன்றை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் போட்டுக்கொண்டு போக வேண்டும்; அடுத்த நடையில் பத்தாம் இடம்; கடைசி நடையில் சைபரிலிருந்து ஒன்பது வரை, மறுபடி சைபரிலிருந்து ஒன்பது. கை தானாக ஓடும், கண் ரேடியோ இருக்கும் பக்கம் போகும், நடுவில் ஒரு வரி தவறினால் 348க்கு அடுத்து 340 வந்து நிற்கும். அழிக்க மாட்டோம், அழித்தால் அதற்குக் கீழே இருப்பது முழுவதும் சரிய வேண்டும். காப்பி நோட்டு இன்னும் நுணுக்கமான வேலை. எல்லாப் பக்கத்தையும் ஒரே ராத்திரியில் எழுதியது தெரியக் கூடாதல்லவா? திங்கட்கிழமைக்குப் பென்சிலைக் கூராகச் சீவிக்கொள்வேன், செவ்வாய்க்கு மழுங்க விடுவேன், புதன்கிழமை வரும்போது கையெழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பேன். சார்வாளோ மறுநாள் குவிந்த நோட்டுகளில் தேதியைக்கூடப் பார்க்காமல், பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்பு மையில் ஒரு நீண்ட கோடு இழுத்துக்கொண்டே பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சம்பளப் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். 340 அவர் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்திருக்கும், செவ்வாய்க்கிழமை மழுங்கலையும் அவர் கவனித்திருக்க வேண்டுமே என்று.

என் தாத்தா இந்த ஆயிரத்தை வீட்டுப்பாடமாகவே மதிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி, காணி, மாகாணி என்று 320இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கி எண்சுவடி ஒப்பித்தவர் அவர். நவராத்திரி வந்தால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாட, விழுகிற காசெல்லாம் வாத்தியாருக்கு. அதாவது அவருக்கு லீவு வேலை வாத்தியார் வருமானத்தை வசூலித்துக் கொடுப்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் முன்னேற்றம் எங்கள் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

ஆர்.கே. நாராயணின் சுவாமிநாதனை நினைவிருக்கும். 1935இல் வந்த நாவல். கோடை விடுமுறையில் கோர்ட்டும் மூடி அப்பாவும் வீட்டில் இருக்க, அவரிடம் மாம்பழக் கணக்கில் மாட்டிக்கொண்டு, பழம் பழுத்ததா காயா என்பது தெரியாமல் விலை எப்படிச் சொல்வது என்று தவிப்பான். (நியாயமான கேள்வி. இன்றைக்கும் எந்தக் கணக்கு வாத்தியாரிடமும் அதற்குப் பதில் இல்லை.) அவனைப் படைத்தவரே 1989இல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக எழுந்து, குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு யஷ்பால் குழு அமைந்து 1993இல் அறிக்கை தந்தது: தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தேடித் தெரிந்துகொள்ளும் வேலைகள் மட்டும் இருக்கலாம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். கிருபாகரன் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றார். 2020இன் புத்தகப் பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று அளந்து கொடுத்தது. இத்தனை பெரியவர்கள் இத்தனை வருஷம் பாடுபட்டு விரட்டியும், ‘தேடித் தெரிந்துகொள்ளும் வேலைகள்’ என்ற பூனைச் சந்து ஒன்று திறந்தே கிடந்தது; யானை அதன் வழியாக வந்துவிட்டது.

சென்னையில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு வீட்டுப்பாடம் கிடையாது. ஆக்டிவிட்டிதான். வாட்ஸ்அப்பில் எட்டுப் பக்கம் பிடிஎஃப், ஓரமெல்லாம் பூ, தலைப்பில் ‘இனிய விடுமுறை’. ஐஸ் குச்சியில் கிராமத்து வீடு, பழைய நியூஸ்பேப்பரில் பை, நமக்கு உதவுபவர்கள் சார்ட், முளைகட்டிய பயறு ஐந்து நாள் போட்டோவோடு. மகள் ஆபீஸிலிருந்து வந்து பையை வைத்தவுடனே, “அப்பா, கடை மூடறதுக்குள்ள போயிட்டு வந்திடுங்களேன்” என்பாள். தெருமுனைக் கடைக்காரரிடம் நான் சீட்டை நீட்ட வேண்டிய அவசியமே இருக்காது. “எந்த ஸ்கூல் சார்? ரெண்டாங் கிளாஸா? அப்ப ஐஸ் குச்சி ஒரு கட்டு, பச்சை சார்ட், தபால்காரர் படம்... போலீஸ் தீர்ந்துபோச்சு, டாக்டர் ரெண்டா வெச்சுக்குங்க.” எட்டுப் பக்கத்தையும் முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மறுக்க முடியாது, எங்கள் ஆயிரத்தைவிட இதெல்லாம் அறிவுள்ள வேலை. முளைத்த பயறைப் பார்த்து அந்தக் குழந்தை குதித்த குதிப்பு நிஜம். ஆனால் குதித்து முடித்ததும் அவளை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள், ஐஸ் குச்சி வீட்டின் கூரை கோணலாகிவிடுமாம். ராத்திரி பதினொரு மணிக்கு மாப்பிள்ளை பசையை ஊதிக் காயவைக்கிறார், மகள் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு ஏழு வயதுக் கையெழுத்து மாதிரியே எழுதப் பழகுகிறாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்: கொஞ்சம் சாய்த்து, ஒரு எழுத்தை வேண்டுமென்றே பெரிதாக்கி. ரத்தம் எங்கே போகும்! எங்கள் காலத்தில் அந்தத் திருட்டுத்தனம் முழுக்க முழுக்க எங்களுடையதாக இருந்தது, பெரியவர்கள் யாரும் பங்குக்கு வரவில்லை. நான் எத்தனாவது படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஆறாம் பக்கத்தில் நானே வீட்டுப்பாடமாக வந்தேன். ‘தாத்தா பாட்டியைப் பேட்டி காண்க. சிறுவயதில் விடுமுறையில் என்ன செய்தார்கள்? படம் ஒட்டுக.’ பதிலுக்கு இரண்டு வரி இடம். பேத்தி பென்சிலோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் சம்மணம் போட்டு நிமிர்ந்து, கொலுப்படி, ஆச்சி, மூன்றை மேலிருந்து கீழே இழுக்கும் வித்தை, செவ்வாய்க்கிழமைப் பென்சில் என்று எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லி வரும்போது, உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: “அப்பா, அதையெல்லாம் எழுத முடியாது. ஸ்கூல்ல படிப்பாங்க.”

“படிக்க மாட்டாங்கம்மா” என்றேன், ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவத்தில்.

பேத்தி இரண்டு வரியையும் ஒரு முறை பார்த்தாள், பக்கத்திலிருந்த ஸ்டிக்கர் தாளையும் பார்த்தாள். “தாத்தா, நீங்க கோலி விளையாடினீங்களா, பம்பரம் விளையாடினீங்களா?”

“கோலிதான். பம்பரம் எனக்குச் சுத்தவே சுத்தாது.”

“பம்பரம்னே போட்டுக்கிறேன், அதுக்குத்தான் ஸ்டிக்கர் இருக்கு.”