ஊரான் வீட்டு நெய்யே

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர் வேண்டும், கையில் காசில்லையா? வேறு கல்லூரி துரத்திவிட்டவரைப் பிடியுங்கள்.

2017 நவம்பரில் டென்னஸி பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தை முறித்த பாவத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் தவணையில் அழ வேண்டியிருந்தது. மறு ஆண்டே அவர் அலபாமா பல்கலைக்கழக அணியில் ‘பகுப்பாய்வாளர்’. சம்பளம் ஆண்டுக்கு 35,000 டாலர். கூடுதலாகக் கேட்டு என்ன பயன்? புது இடத்தில் வாங்குவது பழைய தவணையில் கழிந்துவிடும். அந்த அக்டோபரில் டென்னஸி மைதானத்திலேயே அலபாமா 58-21 என்று வென்றது. எதிரணி முகாமில் இருந்தவருக்குப் படியளந்தது டென்னஸிதான்!

இத்தனைக்கும் அலபாமா ஏழையல்ல. அதன் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின் ஊதியமே கோடிக் கணக்கான ரூபாய். நிஜமாகவே வறண்ட கல்லூரிகளில் முதுகலை மாணவர்தான் துணைப் பயிற்சியாளர். படிப்புச் செலவும் கொஞ்சம் கைக்காசும் கொடுத்தால் விடியவிடிய ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டுவார்; விமான நிலையத்துக்கு வண்டியும் ஓட்டுவார். அவரை எந்தப் பணக்காரக் கல்லூரியும் இன்னும் வேலையைவிட்டுத் துரத்தவில்லை, பாவம்.