பதினைந்து வெள்ளிச் சப்பாத்து

காட்டுக்குள் கூடாரம் போட்டுப் படுக்கக் கிளம்புகிறவனுக்குத் தலையைப் பற்றிய கவலை தேவையில்லை. அது ஒழுங்காக வேலை செய்திருந்தால் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை முன்னால் உட்கார்ந்திருப்பான். பார்க்க வேண்டியது காலைத்தான்.

உலு லங்காட்டின் நுவாங் மலை 1,493 மீட்டர். அதற்கு மச்சான் 600 வெள்ளி பூட்ஸோடு வந்தான். தண்ணீர் உள்ளே போகாதாம். அவனைப் பெற்ற என் கிள்ளான் மாமா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் காலில் பதினைந்து வெள்ளிக்குள் பசாரில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. ஊரே ‘அடிடாஸ் கம்போங்’ என்கிறது. ஜெர்மன் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சேற்றில் வழுக்காமலிருக்க அடியில் குமிழ் குமிழாக இருக்கும்.

ஆற்றில் இறங்கியதும் பூட்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதன் தோல் வழியாக ஒரு சொட்டும் போகவில்லை. மேலே வாய் திறந்திருக்கிறதே, அந்த வழியாக ஆறே போனது. போன தண்ணீர் வெளியே வரவும் இல்லை. மாமா காலைத் தூக்கி உதறினார், நடந்தார்.

நாளெல்லாம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கும், உரசினால் உரியும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்குக் கால் அழுகியதால் ராணுவமே தினசரி கால் பரிசோதனை நடத்தியது. எங்கள் கூடாரத்தில் அந்தப் பதவி மாமாவுக்கு. டார்ச் அடித்து விரலிடுக்கு வரை பார்த்தார், துடைக்கச் சொன்னார், பவுடர் போட்டார். பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்த காய்ந்த காலுறை தூங்க மட்டும். விடிந்ததும் பழைய ஈரக் காலுறையையே மாட்ட வேண்டும். பெற்ற பிள்ளைக்கும் விலக்கில்லை.

மேலே ‘கெம் பாச்சாட்’. அட்டை முகாம் என்று அர்த்தம்; பெயர் வைத்தவர் யோக்கியர். பந்தாட்டக்காரர்களின் நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டால் பாதி அட்டை ஏமாந்துபோகும். மீதிப் பாதி மச்சானிடம் வந்தது. அவன் லைட்டரைத் தேடினான்.

“டேய், சுடாதடா. குடிச்சதைப் புண்ணுலயே கக்கிடும். நகத்தால நெம்பு.”

நெம்பினான். ரத்தத்தை உறையவிடாத சரக்கை அட்டை விட்டுப் போயிருந்ததால் முகாமைத் தாண்டியும் வடிந்தது.

கால் நகத்தை முந்தின நாளே வெட்டச் சொல்லியிருந்தார் மாமா. இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும். மச்சானின் பெருவிரல் நகம் கறுத்தே போனது.

“அப்பா, இந்த பூட்ஸை யாராச்சும் வாங்குவாங்களா?”

“விக்காதடா. வல்லாரை நடு. தண்ணி நல்லா நிக்கும்.”