அது வேற பேச்சு

கூட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் எழுந்திருப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடியும் அதே தோளில் போட்டாரானால், பேசிக்கொண்டிருக்கிறவர் கதை அத்தோடு முடிந்தது. "அது வேற பேச்சுப்பா. அத்த அப்பால வெச்சுக்கலாம்."

பழவேற்காட்டுப் பக்கம் எந்தக் குப்பத்து ஊர்க்கூட்டத்துக்குப் போனாலும் இவர் இருப்பார். தலைவர் இல்லை, நாட்டார் இல்லை, கணக்குப் பிள்ளையும் இல்லை. பேச்சு வழி மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரை யாரும் கேட்டதும் இல்லை. ஏலக் கரையில் இறால் தனி, நண்டு தனி, மடவை தனி என்று கூடையில் பிரித்துப் போடுவதுபோல் ஊராரின் வாயில் வருவதையெல்லாம் பிரித்துப் போட இவராகவே உட்கார்ந்துவிட்டார்.

போன மாசக் கூட்டத்தில் ஒரு பையன் எழுந்தான். "மாமா, இறாலே படல. டீசல் காசுகூட வரல."

"சொல்லு, இதான் பேச்சு."

"முகத்துவாரம் தூந்து கெடக்குது. கடத்தண்ணி உள்ள வந்தாத்தானே இறால் குஞ்சு வரும்?"

"முகத்துவாரம் வேற பேச்சு."

"ஏரியே இடுப்பு மட்டும்தான் இருக்குது மாமா, போட்டு தரை தட்டுது."

"தூர் வார்றது வேற பேச்சு."

"வாங்கின கடனுக்கு வட்டி..."

"கடன் சுத்தமா வேற பேச்சு!"

"அப்போ இன்னாதான் மாமா இந்தப் பேச்சு?"

"இறால் ஏன் படலன்றது. அதச் சொல்லு, கண்டதையும் இழுக்காத."

பையன் உட்கார்ந்துவிட்டான். பாவம், அவன் சொன்னதில் ஒரு வரிகூட வேறு பேச்சு இல்லை. ஆரணியாற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற உவர் நீர் ஏரி இது. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. முகத்துவாரத்தில் மணல் மூடினால் கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரத்து நின்றுபோகும். கோடையில் ஏரி வற்றி உப்பேறும், வலைக்கு ஒன்றும் வராது, வீட்டில் வட்டிக்காரர் வந்து நிற்பார். அத்தனையும் ஒரே கயிறு. மனுஷர் அதை முழம் முழமாக அறுத்து ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்.

அந்த 'அப்பால' எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. மின்கம்பம், கோயில் கணக்கு, பாலத்தடியில் குப்பை என்று இவர் அப்பால வைத்த பேச்சுகள் வரிசையில் நிற்கின்றன. சிலவற்றைக் கிளப்பியவர்களே இப்போது உயிரோடு இல்லை. யாராவது நினைவாக எடுத்தால், "அது முடிஞ்ச பேச்சாச்சே" என்பார். பேசாமலே எப்போது முடிந்தது என்று கேட்டால், அது வேற பேச்சு.

அவர் பேச்சுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர் வீட்டெதிரே தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வேண்டுமா? 1613-இல் டச்சுக்காரன் கெல்ட்ரியா கோட்டை கட்டினதிலிருந்து ஆரம்பிப்பார். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை ஒருமுறை சுற்றிவந்து, கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கி, அப்புறம்தான் தெருவிளக்குக்கு வருவார். நடுவில் யாராவது செருமினால், "இரு, அதுக்குத்தான் வர்றேன்" என்று ஒரு முறைப்பு.

ஒருநாள் சாயங்காலக் கூட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பிவிட்டது. தென்னை மட்டைக்கு மேலே நெருப்பு ஏறுகிறது, கொஞ்சம் பொறுத்து உறுமல் வந்து காதை அடைக்கிறது. ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்க்க, பிள்ளைகள் கைதட்ட, இவர் மட்டும் துண்டை உதறினார். "அது வேற பேச்சு. எல்லாரும் கீழ பாருங்க." ராக்கெட் விடுகிற அன்று கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும், அன்றைய பிழைப்பு போகும் என்பதால் அன்று பேசியிருக்க வேண்டிய பேச்சே அதுதான். ஆனாலும் வானத்தைப் பார்த்து அதட்டுகிற தைரியம் யாருக்கு வரும்?

குறையே சொல்லிக்கொண்டிருந்தாலும் ஆகாது. பாடு பிரிக்கிற அன்றைக்கு இவரைப் பார்க்க வேண்டும். ஏரியில் சுத்து வலைக்கு வாகான இடங்கள், அதாவது பாடுகள், கொஞ்சம்தான்; தலைக்கட்டுகளோ அதிகம். யாருக்கு எந்தப் பாடு, எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வலை போடும் இடத்துக்காக வெட்டு குத்து வராமல் காத்தது அதுதான். சீட்டு விழுந்ததும் ஒருத்தன், "உங்கப்பன் காலத்துலருந்தே இப்டித்தான்" என்று ஆரம்பிப்பான். எதிரே இருக்கிறவன் வேட்டியை மடித்துக் கட்டுவான். அப்போது நடுவில் போய் நிற்பார்: "அப்பன் பேச்சு வேற, பாடு பேச்சு வேற. உக்காரு." இரண்டு பேரும் உட்காருவார்கள். அந்த ஒரு இடத்தில் இவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

இவர் குப்பத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இவருக்கு அலுவலகங்களிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் என்றார்கள். மீன்வளத் துறையைக் கேட்டபோது வேலை எங்களுடையது, அனுமதி வேற பேச்சு என்றது. 1980-லிருந்தே ஏரி பறவைகள் சரணாலயம், ஆகவே வனத்துறை இல்லாமல் ஒரு கல்லும் விழாது. ஏரியில் பெரும்பங்கு ஆந்திராவில் இருப்பதால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் இன்னொரு சர்க்காரின் பேச்சு. பூநாரைக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. நமக்குத் தெரிந்து தொலைந்திருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற பெண்கள் விஷயம். உட்கார அவர்களுக்கு இடம் கிடையாது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண்பிள்ளைதான். மீன் விற்கிற இடத்தில் ஒரு கூரை, ஒரு கக்கூஸ், கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கத்தாமல் இருக்க ஒரு வழி. இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஒரு கிழவி குரலை உயர்த்திக் கேட்டாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்க விஷயம் வேற பேச்சு ஆயா."

வலையில் பட்டதைக் கூடையில் தூக்கிப் போய் வெயிலில் உட்கார்ந்து விற்றுக் காசாக்குகிறவர்கள் அவர்கள்தான். தலைக்கட்டு வரி அந்தச் சுருக்குப்பையிலிருந்துதான் வருகிறது. வரி வசூலிக்கப் போகிற அன்று மட்டும் வாசலில் நின்று "ஆயா, பணம் எடுத்து வெச்சிட்டியா?" என்று கேட்க இவருக்கு வாய் வருகிறதே, அது எந்தப் பேச்சில் சேர்த்தி?